ஆறு கையெழுத்தும் ஒரு முத்திரையும்

வங்கியில் அவனுடைய வேலை கையெழுத்துப் பார்ப்பது. காசோலையில் இருக்கும் கையெழுத்தும் கணக்குத் தொடங்கிய அன்று போட்ட கையெழுத்தும் ஒரே கையிலிருந்து வந்தவையா என்று பார்க்க வேண்டும். வந்தவைதான் என்றால் ஓரத்தில் ‘சரி’ என்று எழுதித் தன் ஒப்பத்தைப் போட வேண்டும். பதினொரு வருடமாகப் போடுகிறான். பேனா தயங்கிய இடம், தூக்கிய இடம், வாலை இழுத்த வேகம் எதுவும் அவன் கண்ணுக்குத் தப்பாது. கிளையில் அவனுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். கள்ளக் கையெழுத்தோடு யாராவது பிடிபட்டால், மேலாளர் அறையில் அந்த ஆளை உட்காரவைத்து நேர்மையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும் பொறுப்பும் அவனுக்குத்தான். நன்றாகப் பேசுவான். இரண்டு பேர் அழுதிருக்கிறார்கள்.

இந்தப் பூதக்கண்ணாடிதான் தன் பதின்மூன்றாம் வயதில், ஒரே விடுமுறையில், ஆறு பேருடைய கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட்டவன். அந்த ஆறில் இரண்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தப்பட்டவர்களின் கண்முன்னாலேயே திறந்து வைக்கப்படப் போகின்றன. வைக்கப்போவது அவனுடைய தங்கை.

கதை இருபத்து நான்கு வருடம் பழையது. அப்போது வீட்டில் ஒரு டி.வி. இருந்தது. அதில் பார்ப்பதற்கு உருப்படியாக ஒன்றே ஒன்று இருந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு ‘நட்சத்திரத் தபால்’. கிரகத்துக்குக் கிரகம் கடிதம் கொண்டுபோகும் விண்கப்பலின் கதை. கப்பலின் உட்சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டி வெள்ளி வர்ணம் அடித்திருப்பார்கள் என்பது பிற்காலத்தில் தெரிந்தது. அப்போது அது விண்கப்பல்தான். கேப்டன், வரைபடம் பார்த்து வழி சொல்லும் ‘மேப்’ அம்மா, டாக்டர், சமையல்காரர், மெக்கானிக், வாராவாரம் தபால் பையைக் கொள்ளையடிக்க வந்து வாராவாரம் வெறுங்கையோடு போகும் ஒற்றைக்கண் வில்லன். ஏழாவதாக டப்பா.

டப்பா ஒரு ரோபோ. நடக்கும் அலமாரி மாதிரி இருக்கும். அதன் வலது கையில் விரல் கிடையாது, தபால் முத்திரைதான் உண்டு. வட்டத்துக்குள் பறக்கும் ஒரு வால்நட்சத்திரம். ஒவ்வொரு வாரமும் கடைசிக் காட்சியில் டப்பா ஒரு கடிதத்தின் மேல் ‘தொப்’பென்று குத்திவிட்டு, தகரத்துக்குள்ளிருந்து சொல்லும்: “முத்திரை விழுந்தது. இனி இது என் பொறுப்பு.” அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் அடுத்தவன் ரப்பரைச் சுட்டவன் எல்லாம் இதையேதான் சொன்னான்.

எட்டு வயதுத் தங்கை ஏழு பேருக்கும் கடிதம் எழுதினாள். மொத்தம் நாற்பத்தொரு போஸ்ட்கார்டு. கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி. ஸ்டூடியோ இதே ஊரில்தான், பஸ் பிடித்தால் ஒரு மணி நேரம். பதில் மட்டும் வேறு கிரகத்திலிருந்து வர வேண்டியிருந்ததுபோல. தினமும் பதினோரு மணிக்குக் கேட்டில் நிற்பாள். தபால்காரர் கையை விரிப்பார். மூன்றாவது வாரத்தில், கையை விரிக்கிற சங்கடம் தாங்காமல், அவர் பின்சந்து வழியாகப் போக ஆரம்பித்தார். தங்கை பின்பக்கக் கேட்டுக்கு இடம் மாறினாள்.

அண்ணனுக்கு மனம் இளகிவிட்டது என்று சொன்னால் அவனுக்கு ரொம்பப் பெருமை சேர்த்ததாகிவிடும். கேட்டில் நிற்கிறவளைப் பந்து பொறுக்கக் கூப்பிட முடியவில்லை என்ற எரிச்சலும் அதில் பாதி உண்டு. எப்படியோ, இறங்கிவிட்டான். அந்த ஆறு பேரின் உண்மையான கையெழுத்தை அவன் பார்த்ததே இல்லை என்பதால் கைக்கு முழுச் சுதந்திரம் இருந்தது. கேப்டன் என்றால் கையெழுத்து மேல்நோக்கிக் கிளம்ப வேண்டும். வரைபட அம்மா என்றால் வளைந்து வளைந்து போய்ச் சேர வேண்டும். வில்லனுக்குச் சிவப்பு மை, அடியில் ஒரு கத்தி. சமையல்காரருக்கு ஓரத்தில் ஒரு விரல் எண்ணெய். அப்பாவுக்கு வந்த பழைய கடிதங்களிலிருந்து தபால் தலைகளை ஆவியில் காட்டி உரித்து, புதுக் கவரில் ஒட்டி, தங்கை குளிக்கப் போன நேரமாகப் பார்த்துக் கேட்டில் தொங்கும் தபால் பெட்டிக்குள் போட்டான். வாரத்துக்கு ஒன்று. அவள் ஒவ்வொன்றையும் நீல அட்டை நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டினாள்.

ஏழாவதில் மாட்டிக்கொண்டான். டப்பா கையெழுத்துப் போடாது, முத்திரைதான் குத்தும். முத்திரைக்கு எங்கே போவது? “ஏழுல ஆறு வந்துருச்சுல்ல, போதும் போ” என்று சொல்லிவிட்டான்.

இதில் யாருக்கும் தெரியாத இன்னொரு விஷயம் உண்டு. “சின்னப் பசங்க நாடகம்” என்று தங்கையிடம் மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்த அந்தப் பதின்மூன்று வயதுப் பெரிய மனிதர், டப்பாவுக்கு மட்டும் தானும் ரகசியமாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதன் பிறகு அவருக்கும் தினமும் பதினோரு மணிக்குக் கேட்டுப் பக்கம் ஏதாவது ஜோலி வந்தது. பெரும்பாலும் செருப்பைக் காணோம்.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு நாள் இருக்கும்போது அது வந்தது. தபால்காரரே அவன் கையில் கொடுத்தார். டைப் அடித்த முகவரி, அண்ணன் தங்கை இருவர் பேருக்கும். உள்ளே ஒரு வெள்ளை அட்டை. அட்டை நடுவில் வட்டம், வட்டத்துக்குள் வால்நட்சத்திரம். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அன்று மத்தியானம் அவன் சாப்பிடவில்லை. உலகத்தில் ஒரே ஒருவர் பதில் போட்டுவிட்டார், அவர் தகரத்தில் இருக்கிறார்.

*

போன மாதம் தங்கைதான் போன் செய்தாள். இப்போது அவள் பல் டாக்டர். நீல நோட்டு அவளுடைய கிளினிக்கில்தான் இருக்கிறது. வாயைத் திறக்க மாட்டேன் என்கிற பிள்ளைகளுக்கு, திறந்தால் விண்கப்பல்காரர்களின் கையெழுத்தைக் காட்டுவதாக ஆசை காட்டுகிறாள். ஆக, வீட்டுக்குள் ஒருத்தியிடம் சொன்ன பொய், இப்போது ஊரிலுள்ள சொத்தைப் பல் அத்தனையிலும் பரவியிருந்தது.

“அண்ணா, ரசிகர் மாநாடாம். கேப்டன் வர்றார், மேப் அம்மா வர்றாங்க. டப்பாவும் வருதாம், உள்ள இருந்தவர்! நோட்டை எடுத்துட்டு வர்றேன். பழைய கையெழுத்துக்குக் கீழயே புதுசா ஒண்ணு வாங்கணும்.”

“பழசு பழசாவே இருக்கட்டுமே. எதுக்குக் கிளறிக்கிட்டு?” என்றான்.

“பல் டாக்டர்கிட்ட கிளறாதேன்னு சொல்றியா? நீ வர்றியா இல்லையா?”

வந்தான். பதினோரு மணிக்கு அவள் வருவதாகப் பேச்சு, ஒன்பது மணிக்கே வந்து நின்றான். திருட்டு முழி என்று ஒன்று உண்டு. முப்பத்தேழு வயதில், இஸ்திரி போட்ட சட்டையோடு, வங்கி அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு முழித்தால் அது இன்னும் நன்றாகத் தெரியும். திட்டம் எளிது. தங்கை வருவதற்குள் கேப்டனையும் மேப் அம்மாவையும் தனியே பிடித்து, காலில் விழுந்தாவது, ‘இது என் கையெழுத்து இல்லையே’ என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் இருக்கச் செய்ய வேண்டும். டப்பாவைப் பற்றிக் கவலையே இல்லை. நோட்டில் அது ஒன்றுதான் உண்மை. அவரிடம் நன்றி மட்டும் சொன்னால் போதும். சொல்லப்போனால் அதற்காகத்தான் மீதி வெட்கத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு வந்திருந்தான்.

மாநாடு நடந்த அரங்கம் சாதாரண நாட்களில் பம்புசெட், குளியலறை ஓடு இவற்றின் கண்காட்சி நடக்கும் இடம். இன்று வாசலில் அட்டைச் சிறகு கட்டிய ஒருவன் கதவுக்குள் நுழைய முடியாமல் பக்கவாட்டில் நண்டு மாதிரி முயன்றுகொண்டிருந்தான். ஆறடி உயர டிராகன் ஒன்று தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “அம்மா, சாப்பிட்டேம்மா” என்று போனில் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. நுழைவு மேசைக்கு மேலே பெரிய பேனர். அதில் வட்டம், வட்டத்துக்குள் வால்நட்சத்திரம்.

அவனுக்குச் சுருக்கென்றது. மேசையில் இருந்த பெண்ணிடம் போனான்.

“ஏங்க, சின்னத்தைத் திருப்பி அடிச்சிருக்கீங்க.”

“என்ன சார்?”

“வால்நட்சத்திரம் இடப்பக்கம் பறக்கணும். இது வலப்பக்கம் பறக்குது.”

“டிசைனர் சீரியலைப் பார்த்துத்தான் போட்டார் சார்.”

“என்கிட்ட ஒரிஜினல் முத்திரை இருக்குங்க. இருபத்து நாலு வருஷமா இருக்கு” என்றான், கள்ளக் கையெழுத்துக்காரர்களிடம் பேசும் குரலில். ரசிகர்களின் வாட்ஸாப் குழுவிலும் இதே விஷயத்துக்காக இரண்டு நாள் சண்டை போட்டதில் அவனை வெளியே அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண் அவ்வளவு தூரம் போகவில்லை. அவன் கையில் ஒரு காகிதப் பட்டையைக் கட்டி, “என்ஜாய் சார்” என்றாள்.

கேப்டன் மேடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பன் தின்றுகொண்டிருந்தார். பழைய சீருடைதான். கடைசி இரண்டு பொத்தான்களுக்கும் அவற்றின் துளைகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

“சார், ஒரு உதவி.”

“செல்ஃபின்னா பத்து மணிக்கு மேல தம்பி. டோக்கன் வாங்கிடுங்க.”

“செல்ஃபி இல்ல சார். நான் உங்க கையெழுத்தைப் போட்டிருக்கேன்.”

கேப்டன் மெல்லுவதை நிறுத்தினார். “எதுல? பத்திரத்துலயா?”

“ஒரு நோட்டுல சார். எனக்குப் பதிமூணு வயசு.”

கேப்டன் அவனை மேலும் கீழும் பார்த்தார். “இப்பவா?”

“அப்ப சார்.”

எல்லாவற்றையும் சொன்னான். போஸ்ட்கார்டு, கேட்டு, தபால்காரர், ஆவி. கேப்டன் பன்னைத் தட்டில் வைத்துவிட்டார்.

“மூட்டை மூட்டையா வந்துச்சு தம்பி. நான் கொஞ்சம் குள்ளம், கேமராவுல தலை தெரியாது. அந்த மூட்டையைத்தான் என் சீட்டுக்கு அடியில போட்டு ஒசத்துனாங்க. உங்க தங்கச்சி கடிதாசி மேலதான் உட்கார்ந்து நான் மூணு வருஷம் கப்பல் ஓட்டியிருக்கேன்.” தட்டில் இருந்த பன்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். “விடுங்க. நான் நடிச்சுக் கொடுத்துடறேன்.”

“நடிக்கவே வேணாம் சார். சும்மா இருந்தாப் போதும்.”

“சும்மா இருக்கறதுதான் தம்பி பெரிய நடிப்பு” என்றார் கேப்டன். அவர் வாழ்நாளில் அதை முயன்றதில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது.

மேப் அம்மாவைக் காணவில்லை. வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். பஸ்ஸில் வருகிறார், வழி தெரியவில்லையாம், இரண்டு தடவை போன் செய்துவிட்டாராம். ஏழு கிரகத்துக்கு வழி சொன்னவர். பத்தேகாலுக்கு வாசலில் வந்து நின்றவர் அவர் இல்லை, தங்கை.

“என்ன, சீக்கிரமா?” என்றான் அவன், தேள் கொட்டியவன் மாதிரி.

“பேஷன்ட் வரல. பயந்துட்டான்.” துணிப்பைக்குள்ளிருந்து நீல நோட்டின் முனை தெரிந்தது. “நீ ஏன் இப்படி வேர்த்திருக்க?”

“உள்ள ஏசி சரியில்ல. ஏய், அந்த பேனரைப் பாரேன். வால்நட்சத்திரத்தை இடம் வலமாத் திருப்பி வச்சிருக்கானுங்க. படிச்சவன் செய்யற வேலையா?”

தங்கை பேனரைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். “விடுண்ணா, யார் கவனிக்கப் போறா” என்று அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

மேப் அம்மா அப்போதுதான் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்திருந்தார். வரிசை சேரவில்லை. தங்கை நேரே போய் நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். அவன் பின்னால் நின்று கண்ணால், புருவத்தால், கடைசியில் இரண்டு கையையும் கூப்பி ஏதேதோ சைகை செய்தான். மேப் அம்மா அதை ரசிகரின் வணக்கம் என்று எடுத்துக்கொண்டு பதில் வணக்கம் வைத்தார்.

“இது… நான் போட்டதாம்மா?” என்றார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.

“ஆமா மேடம். எனக்கு எட்டு வயசுல நீங்க அனுப்பினது.”

மேப் அம்மா அந்த வளைவுகளையே பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். நேராக, சதுரமாக, ரேஷன் கடைப் பலகை மாதிரி ஒரு கையெழுத்து. மேலே ஓடுவது ஆறு. கீழே இருப்பது அணைக்கட்டு. இதைவிடத் தெளிவான கள்ளக் கையெழுத்தை அவன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

தங்கை இரண்டையும் பார்த்தாள். “இருபத்து நாலு வருஷத்துல கையெழுத்து மாறத்தானே செய்யும். இல்லையாண்ணா? உனக்குத்தான் இது தெரியும்.”

“மாறும்” என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். “கண்டிப்பா மாறும். எலும்பு தேயும், விரல் பிடிமானம் மாறும். எங்க பேங்க்ல தினமும் பார்க்கறேன். இது ரெண்டும் ஒரே கைதான். அந்தக் கடைசி சுழியைப் பாருங்க.” மேப் அம்மாவின் கையெழுத்தில் சுழியே இல்லை. தன் கள்ளத்தனத்துக்குத் தானே நிபுணர் சாட்சி சொன்ன முதல் வங்கி ஊழியன் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

“அப்ப நான்தான் போட்டிருப்பேன்” என்றார் மேப் அம்மா, கொஞ்சம் சந்தோஷமாகவே. “அந்தக் காலத்துல அழகாத்தான் போட்டிருக்கேன்.”

கேப்டன் முன்னால் நாற்பது பேர் வரிசை. அவர்கள் முறை வந்ததும் அவர் நோட்டைப் பார்த்த மாத்திரத்தில் எழுந்து நின்றுவிட்டார். அண்ணனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இது சும்மா இருக்கும் நடிப்பு இல்லை.

“ஆஹா! இதை மறக்க முடியுமா? அன்னிக்கு நல்ல மழை. ஷூட்டிங் கேன்சல். உன் கடிதத்தைப் படிச்சுட்டு என் கண்ணு கலங்கிப்போச்சும்மா. உடனே என் பச்சை மைப் பேனாவை எடுத்து—”

“நீல மை சார்” என்றாள் தங்கை.

“பச்சை தீர்ந்துபோச்சு. அதனாலதான் நீலம்.”

“அது மே மாசம் சார். மழையா?”

“கோடை மழை” என்றார் கேப்டன், கண் இமைக்காமல். பின்னால் நின்ற அண்ணன், நெரிசலில் யாராவது தன்னை மிதித்துக் கொன்றால் நன்றாயிருக்கும் என்று நினைத்தான். கேப்டன் அதோடு விடவில்லை. நோட்டை உயர்த்தி வரிசை முழுவதற்கும் காட்டினார். “நான் ஒவ்வொரு ரசிகருக்கும் என் கையாலேயே பதில் போட்டேன்!” பின்னால் வரிசையில் இருந்தவர்கள், எல்லாருமே சின்ன வயதில் எழுதிப் பதில் வராதவர்கள், அவரை ஒரு பார்வை பார்த்தார்கள். கேப்டன் உட்கார்ந்தார். கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தங்கையிடம் மட்டும் மெதுவாக, “உன் கடிதம் எனக்கு ரொம்ப ஒசரம் கொடுத்துச்சும்மா” என்றார். அது ஒன்றுதான் அவர் அவளிடம் சொன்ன உண்மை.

தங்கை சிரித்துக்கொண்டு நோட்டை வாங்கினாள். அண்ணனுக்கு மூச்சு வந்தது. முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைத்தாயிற்று.

*

டப்பாவுக்கு வரிசையே இல்லை. கடைசி மூலையில், அவசர வழிக்குப் பக்கத்தில், ஒரு மேசை. மேசை மேல் அந்தத் தகரத் தலை. ஞாயிறு ஞாயிறாக அவன் பார்த்த தலை. பக்கத்தில் பார்த்தபோது இரண்டு கண்களும் டார்ச் லைட்டின் முகப்பு என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். பின்னால் ஒல்லியாக, வழுக்கையாக, ஒரு பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“உள்ள இருந்தது நீங்கதானா சார்?”

“செஞ்சதும் நான்தான், மாட்டிக்கிட்டதும் நான்தான்” என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. டப்பாவின் குரல் வேறு யாரோ கொடுத்ததாம். “நான் செட்டுல தச்சு வேலை. நடிக்க வந்தவர் முதல் நாளே உள்ள மயங்கி விழுந்துட்டார். ‘நீ செஞ்சதுதானே, நீயே ஒரு நாள் போட்டுக்கோ’ன்னாங்க. அந்த ஒரு நாள் மூணு வருஷம் ஓடுச்சு.”

அவன் ஒரு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைத் தொடங்கினான். “சார், நாங்க ஏழு பேருக்கும் எழுதினோம். அதுல…” தங்கை பக்கத்தில் நிற்கிறாள் என்பது நினைவு வந்து வழியை மாற்றினான். “எல்லாரும் போட்டாங்க. ஆனா நீங்க போட்டதுதான் சார் எனக்கு… அன்னிக்கு நான் சாப்பிடவே இல்ல. ரொம்ப நன்றி சார்.” அவனே நோட்டின் ஏழாம் பக்கத்தைத் திறந்து வைத்தான்.

தச்சர் அந்த அட்டையைப் பார்த்தார். விரலால் தடவினார். “எனக்குக் கடிதாசியே வந்ததில்லையே தம்பி. நடிகர் லிஸ்டுல என் பேரு கிடையாது. டப்பாவுக்குன்னு வந்ததை ஆபீஸ்ல யார்கிட்ட கொடுக்கறதுன்னு தெரியாம கழிச்சிருப்பாங்க.”

“இல்ல சார், நீங்க மறந்திருப்பீங்க.”

தங்கை லேசாக இருமினாள். “அண்ணா, அவர் புதுசா ஒண்ணு குத்தட்டும், வா.”

தச்சர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்தார். டப்பாவின் வலது கை முனை. மையில் ஒற்றி, பழைய வட்டத்துக்குக் கீழே வைத்து, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். தொப். எடுத்தார். வட்டம், வட்டத்துக்குள் வால்நட்சத்திரம். வலப்பக்கம் பறந்தது.

“சார், நீங்களும் திருப்பிச் செதுக்கிட்டீங்க” என்றான் அவன்.

“இல்ல தம்பி, இது அந்தக் கட்டையேதான். கட்டையில இடப்பக்கம் பார்க்கறாப்பல செதுக்கினாத்தான் தாள்ல வலமா விழும். தெரியாதவங்க கண்ணுக்கு வலமாவே செதுக்கிடுவாங்க, தாள்ல இடமா விழுந்துரும்.” தச்சர் பழைய அட்டையை மறுபடி தடவினார், இந்தத் தடவை தொழில்காரரின் விரலால். “இது மரம் இல்ல. ரப்பர். பிளேடுல வெட்டினது. சின்னப் புள்ளை வேலை. ஆனா பொறுமையா செஞ்சிருக்கு.”

பூதக்கண்ணாடி அட்டையைப் பார்த்தான். இருபத்து நான்கு வருடத்தில் முதல் முறையாக, வங்கி மேசையில் காசோலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். வால் பகுதியில் பிளேடு வழுக்கிய ஒரு கீறல். அந்த வாரம் தங்கையின் இடது கட்டைவிரலில் ஒரு கட்டு இருந்தது. கேட்டால் கதவில் நசுங்கியதாகச் சொன்னாள். கதவைப் பார்த்துத் திறக்கத் தெரியாதா என்று அவன் திட்டியும் இருக்கிறான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் கூரையில் ஓடும் குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நோட்டைப் பிடித்திருந்த கட்டைவிரலில் வெள்ளையாய் ஒரு பழைய தழும்பு.

“நீயா?”

“என்ன நானா?”

“ஆனா அது தபால்ல வந்துச்சு. போஸ்ட்மேன் என் கையில கொடுத்தாரு!”

“தபால்ல போட்டேன், தபால்ல வந்துச்சு. உன்ன மாதிரி நேரா பெட்டியிலயா போடுவாங்க?” என்றாள். “அட்ரஸ் ஜெராக்ஸ் கடை அங்கிள் டைப் அடிச்சுக் கொடுத்தார்.”

அவனுக்குக் காது சூடாகிவிட்டது. “உனக்கு… மத்ததெல்லாம் எப்பத் தெரியும்?”

“முதல் கவர்லயே. ஸ்டாம்ப் மேல பாதி முத்திரை இருக்கு, கவர் மேல மீதிப் பாதியக் காணோம். அதுவும் அப்பாவுக்கு வந்த லெட்டரோட ஸ்டாம்ப்பு.”

“உனக்கு எட்டு வயசுடி!”

“எட்டு வயசுக்குள்ள எத்தனை வாரம் அந்த சீரியலைப் பார்த்திருப்பேன்? பாதி முத்திரை விழுந்த தபாலை டப்பா கப்பல்லயே ஏத்தாது.”

“அப்பவே கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருப்பேன். ரெண்டாவது கவர்ல மேப் அம்மாவுக்கு அப்படி வளைச்சு வளைச்சுப் போட்டிருந்தியா, அடுத்தது எப்படி வரும்னு பார்க்க ஆசையாயிருந்துச்சு. சமையல்காரருக்கு எண்ணெய் வேற தடவியிருந்த.” அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள். “எனக்கு ஆறு வந்துச்சு. உனக்கு ஒண்ணுகூட வரல. நீ தினமும் செருப்பைத் தேடிக்கிட்டுக் கேட்டுல நின்ன. காலுல செருப்பைப் போட்டுக்கிட்டே தேடின.”

தச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. நோட்டைத் தன் பக்கம் திருப்பி, அவனிடம் கேட்டார்.

“அப்ப நீங்க எனக்கு நிஜமாவே எழுதினீங்களா தம்பி?”

“எழுதினேன் சார்.”

“என்ன எழுதினீங்க?”

அவன் காலை மாற்றி நின்றான். இதைத் தங்கைக்குக்கூடச் சொன்னதில்லை. “உள்ள யார் இருக்கீங்கன்னு கேட்டிருந்தேன் சார். அப்புறம்… உள்ள வேர்க்குமான்னு.”

தச்சர் தகரத் தலையின் மேல் கையை வைத்தார். சிறிது நேரம் அதை ஒரு நாய்க்குட்டியைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தார்.

“வேர்க்கும் தம்பி” என்றார். “ரொம்ப வேர்க்கும். யாருமே கேட்டதில்ல.”

தூரத்தில் கேப்டன் மைக்கில் எதையோ சொல்ல, யாரோ கை தட்டினார்கள். அவசர வழிக்குப் பக்கத்தில் மூன்று பேரும் சும்மா நின்றிருந்தார்கள். பெரிய நடிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

தச்சர்தான் கேட்டார். “இந்தப் பழைய அட்டையை என்ன செய்யறது? உரிச்சுடலாமா? கள்ள முத்திரை ஆச்சே.”

“ஐயையோ, தொடாதீங்க” என்றான் அவன்.

சட்டைப் பையிலிருந்து வங்கிப் பேனாவை எடுத்தான். இடப்பக்கம் பறக்கும் அந்த வால்நட்சத்திரத்தை இன்னொரு முறை உற்றுப் பார்த்தான். பிளேடு வழுக்கிய இடம், மை திட்டாக நின்ற இடம், எட்டு வயதுக் கை அழுத்திய இடம். பிறகு ஓரத்தில் ‘சரி’ என்று எழுதி, தேதி போட்டு, கீழே கையெழுத்துப் போட்டான். அந்த நோட்டில் அது அவனுடைய ஏழாவது கையெழுத்து. தன் பெயரில் போட்ட முதலாவது.

தங்கை நோட்டை வாங்கி, கண்ணருகே தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

“இது ஒரிஜினல்தானே?” என்றாள்.